மூச்சு ரெடி, கால் ரெடியா?

வேளச்சேரி வாசகி ஒருவர் கேட்கிறார்: “வயது 43. ஆறு மாதமாகத் தினமும் 45 நிமிடம் நடக்கிறேன், மூச்சு வாங்குவதே இல்லை. ஆபீஸில் எல்லோரும் ஜனவரியில் 5 கிலோமீட்டர் ஓடப் பெயர் கொடுத்தார்கள், நானும் கொடுத்துவிட்டேன். போன வாரம் ஓட ஆரம்பித்து, நாலாம் நாளே முழங்காலுக்குக் கீழே எலும்பின் உள்பக்கம் வலி. ‘இந்த வயசுல உனக்கு எதுக்குடி ஓட்டம்’ என்கிறார் அம்மா. விட்டுவிடவா?”

விட வேண்டாம். ஆனால் நாலு நாள் விடாமல் ஓடினீர்கள் பாருங்கள், கோளாறு அங்கேதான்.

நடக்கும்போது ஒரு பாதமாவது தரையில் இருக்கும். ஓடும்போது இரண்டும் ஒரு கணம் அந்தரத்தில் நின்று, பிறகு ஒற்றைக் காலில் இறங்குகிறோம். அந்தக் காலில் விழும் விசை உடல் எடையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு. ஆறு மாத நடையில் உங்கள் இதயமும் நுரையீரலும் தேறிவிட்டன. எலும்பும் தசைநாணும் இந்தப் புது அடிக்குப் பழக மாதக்கணக்காகும். மூச்சு ‘போலாம், போலாம்’ என்று தள்ள, கால் மாட்டிக்கொள்கிறது. அதனால், நன்றாக நடப்பவர்கள்தான் இதில் சுலபமாகச் சிக்குகிறார்கள்.

இப்போதே ஒன்று செய்து பாருங்கள். உட்கார்ந்துகொண்டு, கணுக்காலிலிருந்து மேல்நோக்கி எலும்பின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலு விரற்கடை நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் ‘ஷின் ஸ்பிளிண்ட்ஸ்’ எனும் முன்னங்கால் எலும்போர வலிதான், ஓய்வு கொடுத்தால் அடங்கும். காசு அகலத்தில் ஒரே இடம் சுருக்கென்றால், அல்லது படுத்திருக்கும்போதும் விண்விண்ணென்று தெறித்தால், எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். எலும்பு மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை ஓட்டம் கூடாது.

முதல் வகை என்றால், அரை மணி நேர வேகநடை ஒரு வாரம் முழுக்க வலியில்லாமல் போன பிறகு ஆரம்பியுங்கள். வாரத்தில் மூன்று நாள், ஒன்றுவிட்டு ஒரு நாள். முதல் பத்து நிமிடம் நடை. பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று எட்டு முறை. இரண்டு வாரம் அதிலேயே நில்லுங்கள். ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும், தோன்றட்டும். அப்புறம் ஓட்டத்தை இரண்டு நிமிடம், மூன்று, ஐந்து என்று கூட்டலாம். மறுநாள் காலை மாடிப்படி இறங்கும்போது வலி எட்டிப் பார்த்தால் அந்த வாரத்தையே இன்னொரு முறை ஓடுங்கள். மற்ற நாட்களில் வழக்கமான நடை போதும்.

உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: உலகமெங்கும் புதியவர்கள் பின்பற்றும் ‘கவுச் டு 5கே’ திட்டத்தை 1996-ல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் எழுதியதே, ஐம்பதைத் தாண்டிய தன் அம்மாவை ஓட வைக்கத்தான். அதுவும் இப்படி நடையும் ஓட்டமும் கலந்ததுதான். அதில் ஒன்பது வாரக் கணக்கு. நாற்பதைத் தாண்டிப் புதிதாக ஓடுபவர்களை நான் பன்னிரண்டு வாரமாவது எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

வேகத்துக்கு வாட்ச் பார்க்காதீர்கள். நேற்று வைத்த குழம்பைப் பற்றி, ஓடிக்கொண்டே முழு வாக்கியமாகச் சொல்ல முடிந்தால் அதுதான் சரியான வேகம். பாதம் தரையில் ‘தப் தப்’பென்று கேட்டால் காலை நீளமாக எட்டி வைக்கிறீர்கள் என்று அர்த்தம், அடியைச் சிறிதாக்குங்கள்.

நம் ஊரில் வெயிலைவிடப் புழுக்கம்தான் எதிரி. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டும், உடம்பு குளிராது, அதே வேகத்துக்கு நெஞ்சு கூடுதலாக அடித்துக்கொள்ளும். காலை ஆறு மணிக்குள் முடிப்பது நல்லது. அக்னி நட்சத்திரத்தில் நேரத்தைக் குறைத்தால் குற்றமில்லை. மெரினாவின் உதிரி மணல் மெத்தென்று இருக்கும், கெண்டைக்காலைப் பிழிந்துவிடும், நடைபாதைக்கே வாருங்கள். தெருவில் என்றால், ஓரம் சரிந்திருப்பதால் போன பக்கமாகவே திரும்பி வாருங்கள், சரிவு இரண்டு காலுக்கும் சமமாகும். நாய் குரைத்தால் மட்டும் திட்டத்தை மறந்துவிட்டு நடங்கள்.

ஷூவை மாலையில் வாங்குங்கள், பாதம் சற்று வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும்.

பி.பி., சர்க்கரை, நடக்கும்போது நெஞ்சை அழுத்துவது, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு, இதில் எது இருந்தாலும் ஓடுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். இன்சுலின் போடுபவர்கள் கையில் குளுக்கோஸோ நாலு மிட்டாயோ இல்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது.

ஜனவரிக்குள் ஐந்து கிலோமீட்டரையும் நிற்காமல் ஓட வராவிட்டால்? கொடுத்த பெயரைத் திரும்ப வாங்காதீர்கள். மூன்று நிமிடம் ஓடி, ஒரு நிமிடம் நடந்து முடியுங்கள். அந்தக் கூட்டத்தில் நடப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.