அரை வயிற்றுப் பற்றரி: இன்வேட்டர் கேள்வி பதில்

திருகோணமலை உப்புவெளியில் வாகன மின்வேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். 2022இல் ஒருநாளில் 13 மணித்தியாலம் கறண்ட் இல்லாமல் கிடந்ததும், 2025 பெப்ரவரியில் பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு நாடு முழுவதையும் இருட்டாக்கியதும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது போல. கறண்ட் போனால் பற்றரியும் இன்வேட்டரும் (பற்றரிக் கறண்டை வீட்டுக் கறண்டாக மாற்றும் பெட்டி) வைத்துச் சமாளிப்பது பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. வந்த ஒழுங்கிலேயே சொல்கிறேன்.

பாலையூற்று, வீட்டிலிருந்து வேலை செய்பவர்: லப்டொப், றூட்டர், ஒரு ஃபேன், ரெண்டு பல்ப். நாலு மணித்தியாலம் ஓட எத்தனை ஆம்பியர் பற்றரி வேணும் அண்ணை?

பேப்பர் எடுங்கோ தம்பி. லப்டொப் 50 வாட்ஸ், றூட்டர் 10, ஃபேன் 50, பல்ப் ரெண்டும் 18. கிட்டத்தட்ட 130. நாலால் பெருக்கினால் 520. இன்வேட்டர் தன் கூலியாக நூற்றுக்குப் பதினைந்தை எடுக்கும், ஆகவே பற்றரி 610 வாட்ஸ் மணித்தியாலம் கொடுக்க வேணும். 12 வோல்ட்டால் பிரித்தால் 51 ஆம்பியர் மணித்தியாலம், இதைத்தான் சுருக்கி 'ஆம்பியர் பற்றரி' என்கிறோம். இதோடு நிறுத்தி 50 ஆம்பியர் பற்றரி வாங்கியவர்கள்தான் ஆறு மாதத்தில் என்னிடம் வருகிறார்கள். ஈயப் பற்றரியில் பாதிக்கு மேல் எடுக்கக்கூடாது. உங்களுக்கு 100 வேணும். லிதியம் இரும்பு பொஸ்பேட் என்றால் 70, 80 போதும். அதில் நூற்றுக்கு எண்பது வரை தாராளமாக எடுக்கலாம். விலைதான் கடிக்கும்.

பற்றரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் போடுங்கோ. 300 வாட்ஸ் இன்வேட்டருக்கு 40 ஆம்பியர் பியூஸ். இதை மறுபடியும் கேட்பேன்.

கிண்ணியா: லொறியில கழட்டின பற்றரி ஒண்டு மலிவா வருது. எடுக்கட்டா நானா?

வேண்டாம். லொறிப் பற்றரிக்குள் இருக்கிற ஈயத் தகடு மெல்லிசு. எஞ்சினைக் கிளப்ப ரெண்டு செக்கனுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிட்டு உடனே நிரம்பிக்கொள்ளும், அதற்கென்றே செய்தது. அதை மணிக்கணக்காக வடிய விடுவது, நூறு மீற்றர் ஓடுகிறவனைப் பிடித்துத் துறைமுகத்தில் மூட்டை சுமக்க விட்ட மாதிரி. தடித்த தகடுள்ள டீப் சைக்கிள் அல்லது டியூபியூலர் என்று கேட்டு வாங்குங்கோ. கடையில் மீற்றர் வைத்துப் பாருங்கோ, 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் அது தட்டில் கிடந்து பழசானது.

நிலாவெளி மாணவி: சார்ச் பண்ணுறது எப்பிடி சேர்? சிவப்பு லைட் பச்சையானாச் சரிதானே?

பச்சை லைட்டை நம்பாதீங்கோ தங்கச்சி. பற்றரியைக் கொல்கிற இடம் இதுதான், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஈயப் பற்றரிக்கு அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு கறண்ட் கொடுங்கோ: 100 ஆம்பியர் மணித்தியாலப் பற்றரிக்கு 10 ஆம்பியர். வோல்ட் 14.4 வரை ஏறும். அங்கே சார்ஜர் வோல்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள, கறண்ட் மெல்ல மெல்ல இறங்கும். கடைசி ஐந்தில் ஒரு பங்கு இப்படித்தான் நிரம்பும், அதற்குப் பல மணித்தியாலம் பிடிக்கும். பிறகு சார்ஜர் 13.6 வோல்ட் அளவில் பிடித்துக்கொண்டு நிற்க வேணும், இதை மிதக்க விடுவது என்பார்கள். இந்த எண்கள் 25 பாகை வெப்பத்துக்கு உரியவை. நம்மூர் வெயிலில் 33 என்றால் ஏறத்தாழ 0.2 வோல்ட் குறைக்க வேணும், இல்லாவிட்டால் தண்ணி வற்றும். வற்றினால் காய்ச்சி வடித்த தண்ணி மட்டும்தான் ஊற்றலாம், அசிட் அல்ல.

சார்ஜரைக் கழற்றி ஒரு இரவு விட்டு, காலையில் அளவுங்கோ. 12.7 வோல்ட் என்றால் நிறைவு. 12.2 பாதி. பாதி வயிற்றோடு கிழமைக்கணக்கில் விட்டால் தகட்டில் சல்பேற் கட்டியாகி இறுகிவிடும், பிறகு எந்தச் சார்ஜரும் அதைக் கரைக்காது. கறண்ட் வந்த அன்றைக்கே நிரப்புங்கோ. பல இன்வேட்டர்கள் 10.5 வோல்ட்டில்தான் கத்தி நிற்கும். அந்த நேரம் பற்றரிக்கு மூச்சுப் போய்விட்டது. படுக்கை அறையில் சார்ச் போடாதீங்கோ. பற்றரியிலிருந்து வரும் ஐதரசன் வாயு, அறைக் காற்றில் நூற்றுக்கு நாலு சேர்ந்தாலே வெடிக்க ஒரு பொறி போதும்.

தம்பலகாமம்: யூபிஎஸ்ஸில சின்னப் பற்றரியக் கழட்டிட்டு 100 ஆம்பியர் கொழுவலாமா?

ஓடும். ஆனால் உள்ளே இருக்கிற சார்ஜர் 7 ஆம்பியர் பற்றரிக்காகச் செய்தது, ஒரு ஆம்பியர் கொடுத்தால் பெரிய விஷயம். நாலைந்து நாள் ஊட்டினாலும் நிரம்பாது. அதன் டிரான்ஸ்போமரும் பத்து நிமிசத்துக்குத்தான் கணக்கு. மணிக்கணக்கில் ஓடினால் மணக்கத் தொடங்கும்.

ஓர்ஸ்ஹில்: பிரிட்ஜ்?

இல்லை. கதவைத் திறக்காமல் விடுங்கோ, நாலு மணித்தியாலம் குளிர் நிற்கும்.

மூதூர், படகு வைத்திருக்கும் ஐயா: நீர் ஒண்டும் சொல்லேல்ல. பற்றரியச் சீமெந்து நிலத்தில வச்சா நிலம் சார்ச்சை உறிஞ்சிப் போடும். பலகை வைக்க வேணும்.

ஐயா, பெட்டி மரத்திலும் கடின ரப்பரிலும் இருந்த காலத்தில் அது உண்மை. ஈரம் பெட்டிக்குள் ஊறும், கசியும். இப்போது எல்லாம் பொலிபுரொப்பிலீன். நிலத்துக்கு வாய் இல்லை.

அதே ஐயா: மாரியில நிலத்தில வச்ச பற்றரி ரெண்டு செத்தது. பலகையில வச்சது நிண்டது. கண்ணால கண்டனான்.

கிண்ணியா (மறுபடி): நான் ரெண்டு வருசமா நிலத்திலதான் வச்சிருக்கன், நல்லா இரிக்கி.

சாம்பல்தீவு: ஐயா சொல்றதுதான் சரி, எங்கட அப்பாவும் அதைத்தான் சொல்லுவார்.

இதற்குமேல் பதினொரு பேர் புகுந்துவிட்டார்கள். எல்லாருடைய அப்பாவும் பலகை வைத்திருக்கிறார். ஒரு சோதனை சொல்கிறேன். மீற்றரின் கறுப்பு முனையை மைனஸில் வைத்துக்கொண்டு, சிவப்பு முனையைப் பற்றரியின் மேல்மூடியில், பிளஸ்ஸைத் தொடாமல், இழுத்துப் பாருங்கோ. ஊத்தையான பற்றரியில் ஒன்று, ரெண்டு வோல்ட் காட்டும். கடல் உப்பும் அசிட் ஆவியும் படிந்து முனைக்கும் முனைக்கும் நடுவே பாதை போட்டிருக்கிறது. கடற்கரையில் சார்ச் போகிற வழி அடியில் இல்லை, உச்சியில். மூடிகளை இறுக்கிவிட்டு அப்பச்சோடா கரைத்த தண்ணியால் துடையுங்கோ, முனைகளுக்கு வாசலின் பூசுங்கோ. ஐயாவின் பற்றரி மாரி முழுக்கச் சார்ச் இல்லாமல் கிடந்திருக்கும், அதுவே போதும் சாக.

சீனன்குடா: 150 ஆம்பியர் பற்றரியில ரீவி எவ்வளவு நேரம் ஓடும்?

முதல் பதிலில் கணக்கு இருக்கிறது.

பாலையூற்று, வேறொருவர்: ஃபேன் ரெண்டும் பல்ப் மூண்டும் எண்டா?

முதல் பதில். பேப்பர், பேனை.

குச்சவெளி: இன்வேட்டர் வயரை வீட்டுப் பிளக் ஒண்டுக்குள்ள செருகினா முழு வீடும் எரியும்தானே?

தயவுசெய்து செய்யாதீங்கோ. மெயின் சுவிட்ச் போட்டபடி இருந்தால் உங்கள் 230 வோல்ட் வீதி வயருக்குப் போகும், டிரான்ஸ்போமரில் பின்னோக்கி ஏறி ஆயிரக்கணக்கான வோல்ட் ஆகும். மேலே கறண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவர் ஒருவரின் பிள்ளைகளை நினையுங்கோ. கறண்ட் திரும்பி வந்தால் இன்வேட்டரும் வெடிக்கும். வீதிக் கறண்டும் இன்வேட்டர் கறண்டும் ஒன்றாகச் சேர விடாத மாற்றுச் சுவிட்ச் ஒன்றை உரிமம் உள்ள மின்வேலைக்காரரைக் கொண்டு போடுவியுங்கோ. இல்லையென்றால் நீட்டு வயரில் நேரே கொழுவுங்கோ.

மூதூர் ஐயா: நான் பலகையை எடுக்கமாட்டன்.

வையுங்கோ ஐயா. துடைக்க வசதியாக இருக்கும். பியூஸ் போட்டாச்சா?