பனியில் நடக்க எந்த பூட்ஸ்?

கேள்வி: எனக்கு வயது 54. காவேரிப்பட்டினம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். 12 வருடமாகச் சர்க்கரை. ஜனவரியில் குடும்பத்தோடு மணாலி போகிறோம். பனியில் நடக்கக் காலை நன்றாக இறுக்கிப் பிடிக்கும் கனமான பூட்ஸ் வாங்கலாமா? ராத்திரியில் பாதம் மரத்துப்போகிறது, எரிச்சலும் இருக்கிறது.

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் இறுக்கமான பூட்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். காலுக்குச் சூடு ரத்தத்தோடு வருகிறது. பூட்ஸ் அதை வெளியே விடாமல் காக்கும், அவ்வளவுதான். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறையும். உள்ளே எவ்வளவு கம்பளி இருந்தாலும் விரல் சில்லிட்டுப்போகும். அளவான பூட்ஸுக்குள் இரண்டு சாக்ஸைத் திணித்தாலும் இதே கதைதான்.

நீங்கள் சொல்லும் மரப்பும் எரிச்சலும் சர்க்கரையால் நரம்பு பாதித்ததன் அறிகுறியாக இருக்கலாம். கடைக்குப் போவதற்கு முன் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுங்கள். மெல்லிய நைலான் இழையால் தொட்டு உணர்ச்சி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார். கணுக்கால் நாடியையும் பார்ப்பார். வலிக்காத சோதனைதான்.

உணர்ச்சி குறைந்த கால், பூட்ஸ் கடிப்பதைச் சொல்லாது. அதனால் “போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது” என்பதை நம்ப வேண்டாம். ஒரு அட்டையில் எழுந்து நின்று பாதத்தைச் சுற்றி வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். அது பூட்ஸுக்குள் எங்கும் மடங்காமல் உட்கார வேண்டும். பாதம் சற்று வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில், அங்கே போடப்போகும் கம்பளி சாக்ஸோடு வாங்குங்கள். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். உள்ளே விரல்களை அசைக்க முடிய வேண்டும். அடிப்பாகம் தடிமனாக, வழுக்காததாக, தண்ணீர் புகாததாகப் பாருங்கள். பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும், அங்கே உதவாது.

புது பூட்ஸோடு நேராக ரயில் ஏறாதீர்கள். இரண்டு வாரம் முன்பே வாங்கி, முதலில் வீட்டுக்குள் அரை மணி நேரம், பிறகு கே.ஆர்.பி. அணைப் பக்கம் காலை நடை என்று பழக்குங்கள். கழற்றியதும் எங்காவது சிவந்திருக்கிறதா என்று வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். மணாலியில் வாடகைக்குத் தரும் ரப்பர் பூட்ஸ் உங்களுக்கு ஆகாது. பலர் போட்ட ஈரம் உள்ளேயே இருக்கும், அளவும் சரியாக அமையாது.

பீடி, சிகரெட் இருந்தால் விடுங்கள். ரத்தக் குழாயைச் சுருக்கும்.

கால் சில்லிட்டுவிட்டால் ஹீட்டர், நெருப்பு, வெந்நீர்ப் பை எதன் அருகிலும் நீட்டாதீர்கள். வெந்துபோவது உங்களுக்குத் தெரியாது. இப்படிப் புண்ணாகி விரலையே இழந்தவர்கள் உண்டு. உலர்ந்த சாக்ஸ், போர்வை போதும். விரல் வெளுத்து, மெழுகு போல விறைத்திருந்தால் தேய்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தினமும் இரவில் விரல் இடுக்கு உட்பட பாதத்தைப் பாருங்கள். கொப்புளம் வந்தால் உடைக்காமல், ஊர் திரும்பும் வரை காத்திராமல், அங்கேயே ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.