நடைபாதையில் மேசை போடலாமா? உணவகங்களும் உரிமமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

காவிரிப் படுகை ஊர்களில் உணவகங்களின் வெளிப்புற இருக்கைகள் பற்றியும் சாலையோரச் சிற்றுண்டிக் கடைகள் பற்றியும் வந்த கேள்விகளில் ஆறினை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நகரமைப்புப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்பதால், மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களின் சிரமமும் அந்தப் பக்கம் இருப்பவர்களின் சிரமமும் எனக்குத் தெரியும்.

கும்பகோணத்தில் மெஸ் நடத்துகிறேன். மாலை நேரத்தில் கடைக்கு முன்னுள்ள நடைபாதையில் நான்கு மேசைகள் போடுவது வழக்கம். தினமும் தரை வாடகை கட்டி ரசீது வாங்குகிறேன். இப்போது அகற்றச் சொல்கிறார்கள். ரசீது இருக்கும்போது அகற்றச் சொல்ல முடியுமா?

முடியும். தரை வாடகை ரசீது என்பது அன்றைக்கு நீங்கள் பணம் கட்டியதற்கான சான்று மட்டுமே; அந்த இடத்தில் மேசை போடும் உரிமையை அது தருவதில்லை. உங்கள் தொழில் உரிமமும் கதவு எண் உள்ள கட்டடத்துக்குத்தான் வழங்கப்பட்டிருக்கிறது. வாசற்படிக்கு வெளியே அது செல்லாது. உணவகங்கள் நடைபாதையில் இருக்கை போடுவதற்கென்று தனி அனுமதிச் சீட்டு வழங்கும் வழக்கம் நம் ஊர்களில் இல்லை. ஆகவே, பத்து ஆண்டுகளாகப் போட்டு வந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது ஆக்கிரமிப்பே.

நீங்கள் முதலில் விசாரிக்க வேண்டியது, அந்தச் சாலை யாருடையது என்பதை. நகரத்துக்குள் ஓடும் முக்கியச் சாலைகள் பல நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தமானவை. அவற்றில் மாநகராட்சி அலுவலர் வாய்மொழியாகத் தலையசைத்தாலும், 2001ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டத்தின்படி நெடுஞ்சாலைத் துறை அகற்றிவிடலாம். ஆற்றங்கரை, படித்துறை ஓரம் என்றால் நீர்வளத் துறையின் பேச்சும் வந்து சேரும். ஒரே தெருவின் இரு முனைகளுக்கு இரு துறைகள் பொறுப்பாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதில் உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்த நடைபாதையில் நடப்பவரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த பாதசாரிகளுக்கான வழிகாட்டி நெறிகளின்படி, நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும். இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்கத் தேவைப்படும் அகலம் அது. ஒருமுறை கடைத்தெரு ஒன்றில் அளவு நாடாவுடன் நின்றேன். நடைபாதையின் மொத்த அகலமே 2.1 மீட்டர்தான். சுவரை ஒட்டி வடைத் தட்டு, அதன் முன்னால் பெஞ்சு, பெஞ்சில் அமர்ந்தவரின் முழங்கால், கீழே வைத்த டவரா எல்லாம் போக மிஞ்சியது 55 சென்டிமீட்டர். ஊன்றுகோலுடன் வந்த ஒரு மூதாட்டி, விளிம்புக் கல்லைக் கோலால் தட்டிப் பார்த்துவிட்டுச் சாலையில் இறங்கினார். பின்னால் வந்த மினி பஸ் பிரேக் போட்டு நின்றது. அன்று முதல், இடம் பற்றிய எந்தப் பேச்சையும் நாடாவைப் பிடித்துத்தான் தொடங்குகிறேன். உங்கள் கடை முன்பும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

தஞ்சாவூரில் என் சொந்த மனையில், கட்டடத்துக்கு முன்னால் காலி இடம் இருக்கிறது. அங்கே தகரக் கூரை போட்டு இருக்கைகள் அமைக்க அனுமதி வேண்டுமா?

கூரை போடாமல், எடுத்து வைக்கக்கூடிய மேசை நாற்காலிகளைச் சொந்த மனைக்குள் மாலையில் போட்டு இரவில் எடுப்பதில் பெரும்பாலும் சிக்கல் வராது. ஆனால் கட்டட வரைபடத்தில் அந்த இடம் வாகன நிறுத்தமாகக் காட்டப்பட்டிருந்தால், அதை மேசைகளால் நிரப்புவதும் விதிமீறலே. வாடிக்கையாளரின் வண்டி சாலையில் நிற்க, வண்டி நிற்க வேண்டிய இடத்தில் வாடிக்கையாளர் அமர்ந்திருப்பதைத்தான் நாம் அதிகம் காண்கிறோம். இரும்புக் கால் நட்டுத் தகரம் வேய்ந்தால், 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி திறந்து விட வேண்டிய முன்பக்க இடத்தை மூடியதாகும். வரைபடத்துடன் விண்ணப்பிக்காமல் அதில் கை வைக்காதீர்கள்.

தஞ்சையில் இன்னொரு கவனம் தேவை. பெரிய கோயில் போன்ற மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னங்களின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. தாராசுரம் கோயிலைச் சுற்றியும் இதே விதிதான். அங்கே புதிய கட்டுமானத்துக்கு மாநகராட்சியின் இசைவு மட்டும் போதாது.

என் அம்மா மயிலாடுதுறையில் தள்ளுவண்டியில் இட்லிக் கடை நடத்துகிறார். ஒரு நாள் காலை அறிவிப்பு ஏதும் இல்லாமல் வண்டியையும் இட்லிக் கொப்பரையையும் ஸ்டூல்களையும் ஏற்றிச் சென்றுவிட்டார்கள். எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

மேலே கும்பகோணத்து உரிமையாளருக்குச் சொன்ன பதில் உங்கள் அம்மாவுக்குப் பொருந்தாது. 2014ஆம் ஆண்டின் தெரு விற்பனையாளர் சட்டம் அவரைப் போன்றவர்களுக்காகவே இயற்றப்பட்டது. வேறு வாழ்வாதாரம் இல்லாமல், தானோ தன் குடும்பத்தாரோ நேரில் நின்று விற்பவருக்கு விற்பனைச் சான்று தர அது வழி செய்கிறது. கட்டடத்தில் உணவகம் வைத்திருப்பவர் அதன் நிழலில் ஒதுங்க முடியாது. தெருவில் தொழில் செய்வது நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட அடிப்படை உரிமை என்று 1989இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இச்சட்டத்துக்குப் பின்புலமாக இருக்கிறது.

சட்டம் சொல்வதை வரிசையாகப் பாருங்கள். ஊரில் உள்ள தெரு விற்பனையாளர்களின் கணக்கெடுப்பு முடிந்து, தகுதியுள்ள எல்லாருக்கும் சான்று வழங்கும் வரை எந்த விற்பனையாளரையும் வெளியேற்றக் கூடாது. சான்று உள்ளவரை இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அந்தக் கெடு கடந்தும் நகராமல் இருந்து பொருள்களைப் பறிமுதல் செய்தால், பொருள்களின் பட்டியலை எழுதி, கையொப்பமிட்டு, ஒரு நகலை விற்பனையாளரிடம் கொடுக்க வேண்டும். உரியவர் கோரினால், கெட்டுப்போகும் பொருள்களை அதே நாளிலும் மற்றவற்றை இரண்டு வேலை நாள்களுக்குள்ளும், உரிய கட்டணம் பெற்றுக்கொண்டு திருப்பித் தர வேண்டும். கொப்பரையும் ஸ்டூலும் இரண்டு நாள் கணக்கில் வருபவை. ஊறவைத்து அரைத்த மாவோ அன்றைக்கே வந்திருக்க வேண்டும். புளித்து வழிந்துபோன மாவை யாராலும் திருப்பித் தர முடியாது, அந்த ஒரு நாள் வருமானத்தையும் கூட. அதனால்தான் பட்டியலை உடனே கேட்டு வாங்குங்கள் என்று ஒவ்வொருவரிடமும் மன்றாடிச் சொல்கிறேன்.

இன்றே நகராட்சி ஆணையருக்கு எழுத்தில் மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். எடுத்த நாள், நேரம், பொருள்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். அம்மாவின் பெயர் கணக்கெடுப்பில் இருக்கிறதா, இச்சட்டப்படி அமைய வேண்டிய நகர விற்பனைக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் விற்பனையாளர்களின் பிரதிநிதிகளாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருக்க வேண்டும். நீதிமன்றம் செல்ல நேர்ந்தால், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதன்மை அமர்வு. தஞ்சாவூர், திருச்சி மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை.

ஒன்று மட்டும்: கடை ரயில் நிலைய வளாகத்துக்குள் இருந்திருந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது. ரயில்வே நிலத்துக்கு அதில் விலக்கு உண்டு.

திருவாரூரில் என் வீட்டுக்கு எதிரே உள்ள ஓட்டல் இரவு 11 மணி வரை வெளியே இருக்கை போட்டு, பாட்டும் போடுகிறது. யாரிடம் முறையிடுவது?

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது; குடியிருப்புப் பகுதியில் அந்நேரம் ஒலியளவு 45 டெசிபலைத் தாண்டக் கூடாது. இதற்குக் காவல் துறையிடம் செல்லுங்கள். நாற்காலிக்கு நகராட்சி, சமையல் சுத்தத்துக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர். மூன்றையும் ஒரே மனுவில் எழுதினால் மூவரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள். தனித்தனி மனுவாகக் கொடுங்கள். வெளியே அடுப்பு எரிகிறதா, அதில் சிவப்பு வீட்டு சிலிண்டர் மாட்டியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். வணிகத்துக்கு அதைப் பயன்படுத்துவது குற்றம், ஆபத்தும் கூட.

லண்டனில் இருக்கும் என் மகன், அங்கே நடைபாதை இருக்கைக்கு உரிமம் கொடுக்கிறார்கள் என்கிறான். இங்கே ஏன் கொடுக்கக் கூடாது?

கொடுக்கலாம் என்பதே என் கருத்து. இங்கிலாந்தில் கொரோனா காலத்தில், 2020இல் தற்காலிகமாகத் தொடங்கிய இந்த உரிமம் பின்னர் நிரந்தரமானது. புதிய உரிமத்துக்குக் கட்டணம் 500 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. புதுப்பிக்க 350 பவுண்டு. விண்ணப்பித்த செய்தியைக் கடை வாசலில் ஒட்டி, அண்டை அயலார் கருத்துச் சொல்ல 14 நாள் தருகிறார்கள். அடுத்த 14 நாளில் முடிவு சொல்லாவிட்டால் உரிமம் கிடைத்ததாகவே கொள்ளப்படும். நியூயார்க்கிலோ சாலையின் வண்டித் தடத்தில் இருக்கை போட ஏப்ரல் 1 முதல் நவம்பர் 29 வரை மட்டுமே அனுமதி. இரண்டு இடத்திலும் காலமும் அளவும் தாளில் எழுதப்படுகின்றன. எந்த அலுவலர் மாறி வந்தாலும் அவை மாறுவதில்லை.

இங்கே அதை அப்படியே நடவு செய்ய முடியாது. சித்திரை வெயிலில் பகலில் வெளியே யார் அமர்வார்? ஐப்பசி, கார்த்திகையில் மழை. நமக்கு மாலை 6 முதல் 10 வரையிலான அனுமதியே போதும். 1.8 மீட்டர் மிஞ்சும் தெருக்களை மட்டும் மாமன்றம் தீர்மானம் போட்டு அறிவித்து, மேசை வரக்கூடிய எல்லையை மஞ்சள் பெயின்ட்டால் தரையில் வரைந்துவிட்டால், கோட்டைத் தாண்டிய நாற்காலியை வழிப்போக்கரே சுட்டிக்காட்டுவார். தெரு விற்பனையாளருக்கான இடங்களை முதலில் ஒதுக்கிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். வசதியுள்ள ஓட்டல் வாடகை கட்டி, தள்ளுவண்டியை ஓரங்கட்டுவதற்கு இது வழியாகிவிடக் கூடாது. 2028இல் மகாமகம் வருகிறது. குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நடைபாதை அகலத்தை அளந்து வரைபடம் ஆக்குவதற்குக் கும்பகோணம் மாநகராட்சிக்கு இதைவிடப் பொருத்தமான காரணம் கிடைக்காது.

வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு மட்டும் பந்தல் போட்டுச் சாப்பாட்டுக் கடை நடத்த எண்ணுகிறேன். பத்து நாளுக்கும் பதிவு வேண்டுமா?

வேண்டும். நாள் எவ்வளவு குறைவாக இருந்தாலும், உணவு விற்பவர் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்று, 14 இலக்க எண்ணைக் கடையில் தெரியும்படி வைக்க வேண்டும். இடத்துக்குப் பேரூராட்சியிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். அதில் முடியும் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். கொடியேற்றம் ஆகஸ்ட் 29. அதற்கு முந்தைய வாரம் போய் நின்றால் இடம் இருக்காது, ஜூலையிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். இலையில் பரிமாறுங்கள், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் குவளையும் 2019 ஜனவரி முதல் தடை செய்யப்பட்ட பட்டியலில் இருக்கின்றன.