பி.ஆர்.ஓ. மேடத்திடம் கேட்டவை

23 வருடமாக உயர்கல்வியில் இருக்கிறேன். ஒரு பொறியியல் கல்லூரியில் பி.ஆர்.ஓ.வாக, அதாவது மக்கள் தொடர்பு அலுவலராகச் சேர்ந்தேன். இப்போது ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் மார்க்கெட்டிங், தகவல் தொடர்பு இரண்டுக்கும் இயக்குநர். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

மேடம், இது அட்மிஷனுக்கு ஆள் பிடிக்கிற வேலைதானே? (விஸ்காம் மாணவி, திருச்சி)

மே, ஜூனில் வந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். கல்லூரியில் இருந்தபோது நாளிதழ் விளம்பரத்தில் நான் முதலில் சரிபார்ப்பது கவுன்சலிங் கோடு. கலந்தாய்வில் பிள்ளைகள் அந்த எண்ணைப் போட்டுத்தான் கல்லூரியைத் தேர்வு செய்வார்கள். ஓர் இலக்கம் தப்பினால் நம் காசில் வேறொரு கல்லூரிக்கு விளம்பரம்! மற்ற மாதங்களில் ஆராய்ச்சிச் செய்திகள், பட்டமளிப்பு விழா, முன்னாள் மாணவர் தொடர்பு. ஹாஸ்டலில் ஏதாவது நடந்தால் இரவு 11 மணிக்கு நிருபருக்குப் பதில் சொல்வதும் நாம்தான்.

பெண் என்பதால் மேலே வருவது கஷ்டமாக இருந்ததா?

வாசலில் நிற்பதற்குப் பெண் வேண்டும், கூட்டத்தில் உட்கார வேண்டாம். முதல் நாலைந்து வருடம் இதுதான் நிலைமை. "மேடம், சீஃப் கெஸ்ட்டுக்குப் பொக்கே நீங்களே கொடுத்துடுங்க" என்பார்கள். விளம்பரத்துக்கு எவ்வளவு செலவழிப்பது என்று பேசும்போது கதவு சாத்தியிருக்கும்.

ஒரு அட்மிஷன் சீசனில் 80 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். வந்த ஒவ்வொரு பெற்றோரிடமும் "எங்க காலேஜ் பற்றி எப்படித் தெரியும்?" என்று கேட்டு எழுதினேன். விளம்பரம் பார்த்து வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அண்ணன் இங்கே படித்தான், பக்கத்து வீட்டுப் பெண் படித்தாள், பிளஸ் டூ வாத்தியார் சொன்னார் என்பதுதான் பெரும்பாலும் பதில். ஊர்வாரியாகப் பிரித்து, விளம்பரச் செலவையும் பக்கத்தில் எழுதித் தாளாளரிடம் கொடுத்தேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த பட்ஜெட் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பொக்கே கொடுக்கிற வேலையும் தொடர்ந்தது, அது வேறு கதை.

"100% பிளேஸ்மென்ட்" என்று போடச் சொல்கிறார்கள். என்ன செய்வது? (கல்லூரி பி.ஆர்.ஓ., கோவை)

கூட்டத்தில் "முடியாது" என்று சொல்லாதீர்கள், கௌரவப் பிரச்சினையாகிவிடும். பட்டியல் கேளுங்கள். மொத்த மாணவர் எத்தனை, பிளேஸ்மென்ட்டுக்குப் பதிவு செய்தவர் எத்தனை, வேலை கிடைத்த ஆட்கள் எத்தனை பேர். ஒரே பையனின் மூன்று ஆஃபரை மூன்றாக எண்ணியிருப்பார்கள். அந்தப் பட்டியலில் பிளேஸ்மென்ட் ஆபீசர் கையெழுத்துப் போடட்டும் என்று சொன்னாலே நூறு இறங்கிவிடும். இந்திய விளம்பரத் தர மன்றத்தின் விதிகளையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலைவாய்ப்பு பற்றிய கூற்றுக்கு ஆதாரம் வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது.

நான் ஒருமுறை வாயை மூடிக்கொண்டு அப்படி ஒரு விளம்பரத்தை அனுப்பியிருக்கிறேன். நாலு வருடம் கழித்து ஓர் அப்பா, அந்தப் பேப்பர் கட்டிங்கை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். சத்தம்கூடப் போடவில்லை. மேஜையில் விரித்து வைத்தார், அவ்வளவுதான்.

புது துணைவேந்தர் லோகோவை மாற்றச் சொல்கிறார்...

கலிபோர்னியா பல்கலைக்கழகக் கதையைச் சொல்லிப் பாருங்கள். 2012-இல் அவர்கள் புதுச் சின்னம் கொண்டுவந்தார்கள். எதிர்த்துக் கையெழுத்துப் போட்டவர்கள் 50,000-க்கும் மேல். டிசம்பரிலேயே திரும்பப் பெற்றார்கள். லண்டன் கிங்ஸ் காலேஜும் பெயரிலிருந்து 'காலேஜ்' என்பதை எடுக்கப் பார்த்து, 2015 ஜனவரியில் கைவிட்டது. பழைய மாணவனுக்குச் சின்னம் என்பது அவன் சர்டிபிகேட்டில் இருப்பது. அவனைக் கேட்காமல் தொடக்கூடாது.

மாற்றியே ஆகவேண்டிய நிலையும் வரும். 2017-இல் உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, நிகர்நிலை நிறுவனங்கள் பெயரில் 'யுனிவர்சிட்டி' போடக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) சொன்னது. நுழைவாயில், பஸ், லெட்டர்ஹெட், இணைய முகவரி... பஸ்ஸுக்குப் பெயின்ட் அடிப்பவர் எண் இன்னும் என் போனில் இருக்கிறது.

கல்லூரிகள், பல்கலைக்கழகங்களுக்கு மத்திய அரசு போடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் நம் இடத்தை மார்க்கெட்டிங்கால் ஏற்ற முடியுமா?

வெளியார் மதிப்பீட்டுக்கு 10 சதவீதம்தான். மீதியெல்லாம் ஆசிரியர்கள், ஆராய்ச்சி, தேர்ச்சி இந்த மாதிரி விஷயங்கள். பிரோஷர் அடித்தால் அவை வராது.

குழந்தைக்காக மூன்று வருடம் வேலையை விட்டேன். திரும்ப வர முடியுமா அக்கா?

வரலாம்மா. எனக்கும் இரண்டு வருடம் இடைவெளி உண்டு. முன்னாள் மாணவர் இதழை வெளியில் கொடுத்து எழுதி வாங்கும் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே தொடங்குங்கள்.

இயக்குநர் பதவிக்கு அழைப்பு வந்திருக்கிறது. சம்பளம் எவ்வளவு கேட்கலாம்?

அதைவிட முதலில், யாருக்குக் கீழே என்று கேளுங்கள். துணைவேந்தரா, அட்மிஷன் டீனா? டீன் என்றால் சீட்டு நிரப்பும் வேலைதான், பதவிப் பெயர் மட்டும் பெரிது. நான் இங்கே வந்தபோது சம்பளம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் துணைவேந்தருக்கு நேரடி. சேர்ந்த இரண்டாம் மாதம் லேபில் தீ. பழைய இடத்தில் இருந்தபோது இந்த மாதிரிச் செய்தியை நிருபர் சொல்லித்தான் தெரிந்துகொள்வேன். அன்றைக்குத் துணைவேந்தரே கூப்பிட்டுச் சொன்னார், நிருபரின் போன் அதற்கு 20 நிமிடம் கழித்துத்தான் வந்தது.