வலி இல்லாதபோது மார்பகப் பரிசோதனை எதற்கு?

காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா "வலியே இல்லையே" என்று பரிசோதனைக்கு வர மறுக்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த எண்ணம்தான் பெரிய தடை. தொடக்க நிலை மார்பகப் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிக்காது. இதை முதலில் சொல்லுங்கள். அடுத்தது நேரம். விடியும் முன் ஏலத்தில் கூடையை எடுத்து, வெயில் ஏறுமுன் விற்றுத் தீர்க்க வேண்டியவருக்குப் புறநோயாளிப் பிரிவு இயங்கும் காலை வேளைதான் வியாபார வேளை. இதை அலட்சியம் என்று பேசுபவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது. ஆண் மருத்துவர் தொடுவாரோ என்ற கூச்சமும், மகளுக்கு வரன் தட்டிப்போகுமோ என்ற பயமும் வேறு.

முதல் படிக்கு மாமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) தேவையில்லை. 30 முதல் 65 வயதுப் பெண்களுக்குப் பயிற்சி பெற்றவர் கையால் பரிசோதிப்பதே தேசியத் திட்டம். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மும்பையில் ஒன்றரை லட்சம் பெண்களிடம் 20 ஆண்டுகள் நடந்த ஆய்வில், இம்முறையால் 50 வயதைத் தொட்டவர்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். சந்தை மந்தமாக இருக்கும், அப்போது போவது எளிது. பெண் செவிலியர் இருக்கும் நாளை விசாரித்து, பக்கத்துக் கடை அக்காவையும் சேர்த்து அழைத்துப் போங்கள். ஆனால் கட்டியோ, காம்பில் கசிவோ, தோலில் சுருக்கமோ தென்பட்டால் அதுவரை காத்திருக்காமல் மறுநாளே ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.