பாலையா கேட்டுக்கொண்டிருக்கிறார்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய படங்களைப் பற்றி நீங்கள் எப்போதாவதுதான் எழுதுகிறீர்கள் என்பது என் நெடுநாள் குறை. நான் சிவாஜி ரசிகன். ‘பராசக்தி’ நீதிமன்ற வசனத்தை இன்றும் ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் சொல்வேன். போன விடுமுறையில் என் மகனை உட்கார வைத்து வரிசையாகப் படம் போட்டுக் காட்டினேன். பிளஸ் டூ படிக்கிறான். ‘பாசமலர்’ பாதியிலேயே கைபேசியை எடுத்துவிட்டான். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ பார்த்துவிட்டு, “ஏம்ப்பா எல்லாரும் இப்படிக் கத்துறாங்க? செம ஓவர் ஆக்டிங்” என்றான். எனக்கு மனசே விட்டுப்போயிற்று. கெய்ரோவில் சிறந்த நடிகர் விருது வாங்கிய படமடா என்று சொல்லிப் பார்த்தேன். தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான்.

கடைசியாக ‘காதலிக்க நேரமில்லை’. அதில் பாலையா “அசோகர் உங்க மகருங்களா?” என்று கேட்கும் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தான். அந்த இடத்தைத் திரும்பப் போடச் சொன்னான்.

இந்தக் கலைஞர்களை நாம் கொண்டாடுவது வெறும் பழைய நினைப்புதானா? நம்மோடு போய்விடுமா? அப்புறம், எம்.ஜி.ஆர்., சிவாஜி இருவரில் நடிப்பில் யார் உயர்ந்தவர் என்று நீங்கள் வெளிப்படையாக எழுதியதே இல்லை. இப்போதாவது சொல்லலாமே.

பி.கு.: ‘தில்லானா மோகனாம்பா’ளில் சிவாஜிக்காக நாதஸ்வரம் வாசித்தது யார்?

அன்புடன்,
ரா.

அன்புள்ள ரா.,

உங்கள் கடிதத்தில் நடிகர் திலகத்தைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. இடம் கருதிச் சுருக்கிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பாலையாவைப் பற்றி இருந்தது மூன்றே வரி. கடிதத்தில் எனக்குப் பிடித்தது அதுதான்.

பையன் சிரித்தது எதைப் பார்த்து என்று யோசித்தீர்களா? எஸ்டேட் வேலையிலிருந்து விரட்டியடித்த ஒரு பையன் பெரிய பணக்காரரின் மகன் என்று நம்பியதும், சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனாக வரும் பாலையாவுக்கு மரியாதை பொங்கி வழிகிறது. கண், கழுத்து, குரல் எல்லாமே குழைகின்றன. நிஜத்தில் எந்தப் பணக்காரரும் அப்படிக் குழைந்து நான் பார்த்ததில்லை. அளவு பார்த்தால் கட்டபொம்மனுக்கு ஒரு மாற்றும் குறையாத ‘ஓவர் ஆக்டிங்’ அது. ஆனால் உங்கள் மகனுக்கு அது ஓவராகத் தெரியவில்லை. அப்படியானால் அவனுக்கு இடிப்பது நடிப்பின் அளவு அல்ல, வேறு ஏதோ ஒன்று.

அது என்னவென்று தெரிய அதே படத்தின் இன்னொரு காட்சிக்குப் போகலாம். எல்லோருக்கும் மனப்பாடமான காட்சிதான். ‘ஓஹோ புரொடக்ஷன்ஸ்’ செல்லப்பா தன் படத்தின் கதையை அப்பாவுக்குச் சொல்கிறான். இருட்டு, காடு, கதவு, காலடிச் சத்தம் எல்லாம் நாகேஷின் வாயிலிருந்தே வருகின்றன. ரசிகர்கள் அதை நாகேஷின் காட்சி என்றுதான் சொல்வார்கள். அடுத்த முறை ஒன்று செய்யுங்கள்: நாகேஷைப் பார்க்காதீர்கள். கஷ்டம்தான், ஆனால் செய்யலாம். பாலையாவை மட்டும் பாருங்கள். கையில் பெரிதாக வசனம் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் மனிதர். பிள்ளையின் பைத்தியக்காரத்தனத்தைச் சகித்துக்கொள்ளும் அப்பாவாக ஆரம்பிக்கிறார். கதை நகர நகர அந்த அப்பா கரைந்துபோய், பேய்க்கதை கேட்கும் சின்னப் பையன் ஒருவன் அந்த உடம்புக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறான். நாகேஷ் ஒரு சத்தம் கொடுத்தால் பாலையாவின் முகத்தில் அது ஒருமுறை நடக்கிறது. அந்தக் காடு நமக்குத் தெரிவது பாலையாவின் கண்ணில்தான். அவர் பயப்படாவிட்டால் நாகேஷ் செய்வது வெறும் சேஷ்டை.

கேட்பது என்பது அவ்வளவு பெரிய நடிப்பு. பாலையா அதில் மன்னர். ‘சதிலீலாவதி’யில் 1936இல் அறிமுகமானவர் அவர். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வில்லனாக எத்தனையோ படங்களில் மிரட்டிவிட்டு, அறுபதுகளில் அப்பாவாகவும் பாகவதராகவும் நம்மைச் சிரிக்க வைத்தார். ‘திருவிளையாட’லில் ஹேமநாத பாகவதராக வந்து ‘ஒரு நாள் போதுமா’ என்று பாலமுரளிகிருஷ்ணாவின் குரலில் பாடும்போது, அந்தச் செருக்கு அவருடைய மோதிர விரல் வரைக்கும் இருக்கும். பிறகு ஒரு விறகுவெட்டியின் பாட்டு காதில் விழுகிறது. இவ்வளவு பாடுகிறவனே, தன்னை எதிர்த்துப் போட்டியில் பாடப்போகும் பாணபத்திரர் சேர்த்துக்கொள்ளாமல் அனுப்பிவிட்டவன் என்று தெரியவந்ததும், அதே முகம் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். பாடுவதைவிடக் கேட்பதில்தான் அவர் அந்தப் பாகவதரை முழுசாக நமக்குக் காட்டுகிறார்.

இப்போது உங்கள் ஆளுக்கு வருகிறேன். சிவாஜிக்கும் இது தெரியும். ரசிகர்கள்தான் பார்ப்பதில்லை. அதே ‘திருவிளையாட’லில் தருமியும் இறைவனும் கேள்வி பதில் பேசும் காட்சியில் அவர் என்ன செய்கிறார்? அநேகமாக ஒன்றும் செய்வதில்லை. நிற்கிறார். ஒரு புன்னகை, ஒரு தலையசைப்பு, தாளம் தவறாத பதில்கள். நாகேஷ் அவரைச் சுற்றி ஆடித் தீர்க்கிறார். படத்தின் கதாநாயகன், சிவபெருமான் வேறு, காட்சியைத் தூக்கி அப்படியே இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார். ‘தில்லானா’வில் ஜில் ஜில் ரமாமணி அவரிடம் வெகுளியாகக் கேள்விகள் கேட்கும் இடமும் இப்படித்தான். மனோரமாவுக்கு அந்தக் காட்சியை எழுதிக் கொடுத்தவர் போலவே இருப்பார்.

என் கணக்கு இது. நடிகர் பெரிதாகச் செய்கிறாரா சின்னதாகச் செய்கிறாரா என்பது அவரவர் பாணி. எதிரில் இருப்பவரோடு செய்கிறாரா, அவரைத் தாண்டி நம்மைப் பார்த்துச் செய்கிறாரா என்பதுதான் பதினேழு வயதுப் பையனுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. கட்டபொம்மன் ஜாக்சன் துரையிடம் பேசும்போது அந்தத் துரையிடமா பேசுகிறார்? சி.ஆர். பார்த்திபன் பாவம், ஒரு சுவர் மாதிரி நிற்க வைக்கப்பட்டிருக்கிறார். அந்த வசனம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஜனத்துக்குச் சொல்லப்படுவது. அது தவறு என்று நான் சொல்லவில்லை. சக்தி கிருஷ்ணசாமி எழுதி, சிவாஜி நாடக மன்றம் மேடையில் நடத்திய நாடகம்தான் 1959இல் படமாயிற்று. மேடையில் அப்படித்தான் பேச வேண்டும்.

அந்தத் தலைமுறையே மேடையிலிருந்து வந்தது. சிவாஜி யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில், எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில், நம்பியார் நவாப் ராஜமாணிக்கத்திடம். ஒலிபெருக்கியை நம்ப முடியாத கொட்டகையில், தரையில் உட்கார்ந்திருக்கும் கடைசி ஆள் வரை குரல் போயாக வேண்டும், முகம் போயாக வேண்டும். பிறகு டூரிங் டாக்கீஸ். பிறகு ஒலிச்சித்திரம். இதை உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள்: ஒரு காலத்தில் ஊரில் பாதிப் பேர் படத்தைக் காதால் பார்த்தார்கள். வானொலியில் ஞாயிற்றுக்கிழமை, கல்யாண வீட்டில், கோவில் திருவிழாவில் குழாய் ஒலிபெருக்கியில் ‘திருவிளையாடல்’ வசனம் முழுசாக ஓடும். கண்ணுக்கு எட்டாதவனுக்கும் எல்லாம் விளங்க வேண்டும் என்றால் குரல்தான் முகமும் ஆக வேண்டும். நீங்கள் பராசக்தி வசனத்தை மனப்பாடம் செய்ததும் பாதி காதால்தானே?

காரணம் தெரிந்ததால் எல்லாம் பிடித்துவிட வேண்டும் என்றில்லை. ‘பாசமல’ரின் கடைசிப் பகுதி எனக்கும் நீளம்தான். ஆனால் அதன் முற்பாதியில் சாவித்திரியின் குறும்பைப் பாருங்கள். அண்ணன் பேசும்போது அந்தப் பெண்ணின் கண் ஒரு நொடி சும்மா இருக்காது. நீங்கள் எழுதிய இரண்டு பக்கத்தில் சாவித்திரி பெயரே இல்லை, பத்மினி பெயரும் இல்லை. இது உங்கள் ஒருவருடைய வழக்கம் இல்லை. ரசிகர் மன்றக் காலத்தில் நமக்கெல்லாம் ஒட்டிக்கொண்ட வியாதி. நம் ஆள் திரையில் இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்குத் தெரிய மாட்டார்.

‘நலந்தானா’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காயம்பட்ட கையோடு சிக்கல் சண்முகசுந்தரம் வாசிக்கிறார். எதிரில் மோகனா ஆடிக்கொண்டே நலம் விசாரிக்கிறாள். வாயில் சீவாளி இருப்பதால் சிவாஜிக்குப் பேச வழியில்லை, கன்னமும் கழுத்து நரம்பும் புருவமும் மட்டும்தான். நமக்கு அவரும் பத்மினியும் தெரிகிறார்கள். பக்கத்தில் தவிலோடு ஒரு ஆள் இருக்கிறார். முத்துராக்கு, நம் பாலையாவேதான். இரண்டு பேருக்கும் நடுவில் என்ன ஓடுகிறது என்று அந்தச் சபையில் முழுசாகப் புரிந்த ஆள் அவர். கை தாளத்தில் இருக்கும், முகம் அந்த இருவரிடமும் போய்ப் போய் வரும். நாம் அந்தக் காதலை நம்புவதில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

எம்.ஜி.ஆரா சிவாஜியா என்ற கேள்வியை விட்டுவிடுகிறேன். பதில் சொன்னால் உங்களுக்கும் எனக்கும் நடுவே ‘கூண்டுக்கிளி’ நிலைமை வந்துவிடும். அவர்கள் இருவரும் சேர்ந்து நடித்தது அந்த ஒரே ஒரு படத்தோடு சரி; நமக்கும் அப்படி ஆகிவிடக்கூடாது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் எல்லோரும் சவுக்கெடுத்த இளங்கோவைத்தான் கொண்டாடுவார்கள். எனக்குப் பயந்தாங்கொள்ளி ராமுவைப் பிடிக்கும். நம்பியார் உள்ளே வந்ததும் எம்.ஜி.ஆரின் தோள் கீழே இறங்கும் விதம் நல்ல நடிப்பு. அவருக்கு நடிக்க வராது என்று சிவாஜி ரசிகர்கள் சொல்வது அபாண்டம். அதே போல, பின்னால் நம்பியார் பயப்படும் பயம் இல்லாவிட்டால் அந்தச் சவுக்குக்கு என்ன மதிப்பு?

மகனுக்கு அடுத்து என்ன போடலாம்? ‘அந்த நாள்’ போடுங்கள். 1954, எஸ். பாலச்சந்தர் இயக்கியது, பாட்டே கிடையாது. முதல் காட்சியிலேயே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். கொன்றது யார் என்று ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். ‘பராசக்தி’ வந்து இரண்டே வருடம் ஆன அதே நடிகர், குரலைத் தாழ்த்தி, பண்டரிபாயின் கண்ணைப் பார்த்துப் பேசுகிறார். இந்த மனிதர் கத்தத் தெரிந்ததால் கத்தியவர், கத்த மட்டுமே தெரிந்தவர் அல்ல என்று பையனே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, “இப்பப் பாரு, இப்பப் பாரு” என்று சொல்லாமல் இருக்க வேண்டும். கெய்ரோ விருதைச் சொல்லி மடக்கவும் கூடாது. விருதுக்காக எவனும் சிரித்ததும் இல்லை, அழுததும் இல்லை. அதற்கு அப்புறம் ‘பாமா விஜயம்’. அதிலும் பாலையாதான் அப்பா.

நம்மோடு போய்விடுமா என்று கேட்டிருந்தீர்கள். 1964இல் வந்த படத்தின் ஒரு காட்சியைப் பையன் திரும்பப் போடச் சொன்னான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ‘கர்ணன்’ 2012இல் மறுபடி தியேட்டருக்கு வந்து நன்றாக ஓடியபோது, சீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் உங்கள் வயதுக்காரர்கள் அல்ல.

உங்கள் பின்குறிப்புக்கு: வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். திரையில் வாசிக்கும் சிவாஜியும் ஏ.வி.எம். ராஜனும் கதையில் அண்ணன் தம்பி, பின்னால் வாசித்தவர்களும் அண்ணன் தம்பி. சிவாஜி மூச்சு எடுக்கும் இடங்களை அவர்களுடைய வாசிப்போடு வைத்துப் பாருங்கள், அநேகமாகச் சரியாக இருக்கும்.