பாட்டியின் பழமொழிகள்

அன்புள்ள ஐயா,

அயர்லாந்தில், கால்வே பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியராக இருக்கிறேன். இங்கே ஒரு பாட்டி, ஜன்னலுக்கு வெளியே வயலில் தனியாக நிற்கும் முள்மரத்தைக் காட்டி, “அது நல்லவங்களோட மரம், வெட்டக் கூடாது” என்கிறார். வாயைத் திறந்தால் பழமொழிதான். எழுதிவைக்க ஆசை. ஆனால் எல்லாம் இணையத்திலேயே கிடைக்கிறதே, பயன் உண்டா?

எஸ்., கால்வே

அன்புள்ள எஸ்.,

எழுதிவையுங்கள். இன்றைக்கே தொடங்குங்கள்.

பாட்டி சொல்லும் ‘நல்லவர்கள்’ மண்ணுக்கடியில் வாழும் மாயக் கூட்டத்தார். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்து ‘நல்ல மனிதர்கள்’ என்றே ஐரிஷில் சொல்வார்கள். கொத்தினால் உயிர் போகும் பாம்பை நாம் நல்ல பாம்பு என்கிறோமே, அதே மனசுதான் என்று எனக்குப் படுகிறது. 1999-ல் கிளேர் மாவட்டத்தின் லாட்டூனில் சாலைப் பணியில் இப்படி ஒரு மரம் சிக்கியது. எடி லெனிஹன் என்ற கதைசொல்லி அதற்காகக் குரல் கொடுத்தார். மரம் தப்பியது.

பாட்டி இதையும் சொல்லியிருக்கக்கூடும்: ‘ஒருவர் நிழலில் ஒருவராகத்தான் மனிதர்கள் வாழ்கிறார்கள்.’ அதில் வரும் ‘ஸ்கா’ என்ற ஐரிஷ் சொல்லுக்கு நிழல் என்றும் பொருள், அடைக்கலம் என்றும் பொருள். ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் ஷேடோ, ஷெல்டர் இரண்டில் ஒன்றை விட்டுவிட வேண்டும். ‘உங்க நிழல்லதான் இருக்கோம்’ என்று பேசும் நமக்கு அந்த இழப்பே இல்லை. அட்லாண்டிக் காற்று வீசும் கரையில் ஒரு கல்சுவரின் மறைவு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1937 முதல் 1939 வரை அங்கே சுமார் 5,000 பள்ளிகளின் பிள்ளைகள் தாத்தா பாட்டிகளிடம் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதினார்கள். மொத்தம் 7 லட்சம் பக்கங்களுக்கு மேல். இன்று அவற்றை இணையத்தில் படிக்கலாம். பல பக்கங்களில் சொன்னவர் யார், என்ன வயது, எந்த ஊர் என்றும் இருக்கும். பழமொழிப் பட்டியல்களில் விட்டுப்போவது அதுதான். பாட்டி தேநீரை வாங்கும்போது சொன்னாரா, மகன் வராத ஞாயிற்றுக்கிழமையில் சொன்னாரா? அதையும் சேர்த்து எழுதுங்கள். ஐரிஷ் சொல்லைக் காதில் விழுந்தபடியே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். முதலில் அவரிடம் அனுமதி கேட்டுவிடுங்கள்.

அப்புறம், அந்தக் கால வீடுகளில் வெண்ணெய் கடையும்போது யார் உள்ளே வந்தாலும் ஒரு கை கடைந்துவிட்டுத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் வெண்ணெய் திரளாது என்பார்கள். அவர் வீட்டில் எப்படி என்று அடுத்த ஷிஃப்டில் கேட்டு எனக்கும் எழுதுங்கள்.